கல் வச்ச பழம், கழுவாத காய்: வாசகர் கேள்வி – பதில்

கே: தண்ணீரில் போட்டால் மிதக்கிற மாம்பழம் ‘கல் வச்சது’ என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, திருமங்கலம்

ப: பாதி உண்மை. ‘கல் வச்சது’ என்றால் ரசாயனக் கல் வைத்துப் பழுக்கவைத்தது. காய் முற்றியதா என்பதைத்தான் தண்ணீர் சொல்லும். நன்றாக முற்றியது மூழ்கும், பிஞ்சில் பறித்தது மிதக்கும். சீசனுக்கு முந்தி விலை பிடிக்கப் பிஞ்சிலேயே பறிப்பவருக்குத்தான் கல் தேவைப்படும் என்பதால் மிதக்கும் பழத்தைச் சந்தேகப்படலாம், அவ்வளவுதான்.

மூக்கையும் கத்தியையும் நம்புங்கள். காம்படியில் வாசனை இல்லாமல், தோல் மட்டும் ஒரே சீரான மஞ்சளாக இருந்து, அறுத்தால் கொட்டையைச் சுற்றி வெளுத்து, விறைப்பாகப் புளித்தால் அது பிஞ்சுக் காய். மாவுச்சத்து சேரும் முன்பே பறித்துவிட்டால் எதை வைத்துப் பழுக்கவைத்தாலும் இனிப்பு ஏறாது.

கல் என்பது கால்சியம் கார்பைடு. ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயு விடும். வெல்டிங் பட்டறையில் எரிகிற அதே வாயு. பட்டறைக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருப்பதுதான் பெரிய ஆபத்து. 2011 உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் இதைத் தடை செய்கின்றன. பழுக்கவைக்க எத்திலீன் வாயுவுக்கு 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) வரை அனுமதி உண்டு. பழம் தானே சுரக்கிற வாயு அது. ஆனால் எத்திலீன் பொட்டலம் பழத்தில் படக்கூடாது, எத்திலீனை வெளிவிடும் எத்திஃபான் என்ற ரசாயனக் கரைசலில் பழத்தை முக்கவும் கூடாது.

நத்தம், அழகர்கோவில் பக்கத்துக் காய் வரும்போது காயாகவே வாங்கிவிடுவது நல்லது. காம்பு குழிக்குள் இறங்கி, இரு பக்கமும் தோள் எழும்பிய காயாகப் பொறுக்குங்கள். அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, ஒன்றோடொன்று முட்டாமல் ஒரே அடுக்காக வைத்துச் சாக்கால் மூடுங்கள். 4 முதல் 6 நாளில் பழுக்கும். தினம் ஒரு தடவை பாருங்கள், அழுகியதை உடனே எடுத்துவிடுங்கள். பாலிதீன் பையில் கட்டி வைத்தால் வேர்த்துப்போய்த் தோலில் கரும்புள்ளி பரவும். பழுக்கும் முன் ஃபிரிட்ஜில் வைத்தால் குளிர் தாக்கித் தோல் கறுக்கும். பிறகு வெளியே எடுத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது.

கே: உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் காயில் அடித்த மருந்து போய்விடுமா?
– வாசகர், பழங்காநத்தம்

ப: மேலே படிந்தது பெரும்பாலும் போகும். செடிக்குள் ஊடுருவிப் பாயும் மருந்தை எந்தத் தண்ணீரும் எடுக்காது. முதலில் குழாயடியில் கையால் தேய்த்துக் கழுவுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். பிறகு 1 லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் உப்பு, அல்லது 10 கிராம் (தலைதட்டி 2 டீஸ்பூன்) சமையல் சோடா கரைத்து, 15 நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். நறுக்கிய பிறகு ஊறவைத்தால் சத்துதான் கரைந்து போகும். காலிஃப்ளவர் மட்டும் விதிவிலக்கு, பூப்பூவாகப் பிரித்தால்தான் இடுக்குக்குள் தண்ணீர் போகும். முட்டைக்கோஸில் மேல் இரண்டு இலையைத் தூக்கிப் போடுங்கள். பலர் கோட்டைவிடுவது கறிவேப்பிலையில். கொத்தோடு தண்ணீரில் ஒரு முக்கு முக்கித் தாளிப்பில் போடுகிறார்கள். உருவி, ஊறவைத்து, அலசிப் போடுங்கள்.

கே: உழவர் சந்தைக் காய் என்றால் மருந்து இல்லாததா?
– வாசகி, மேலூர்

ப: இல்லை. மாநிலத்தின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறந்தது இடைத்தரகர் இல்லாமல் விற்கத்தான். இயற்கை விவசாயத்துக்கான சான்று அல்ல. அங்கே உள்ள வசதி, விளைவித்தவரிடமே கேட்கலாம். “எந்த ஊர்த் தோட்டம்ணே? மருந்து அடிச்சு எத்தனை நாளாச்சு?” என்று கேளுங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் அடித்த பிறகு இத்தனை நாள் பறிக்கக்கூடாது என்று கணக்கு உண்டு. கத்தரி, வெண்டையில்தான் இடிக்கிறது. வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும், விட்டால் முற்றிவிடும். மருந்தின் கணக்கு ஒரு வாரம் என்றால் நடுவில் வரும் பறிப்பெல்லாம் குப்பைக்குப் போக வேண்டும். நஷ்டத்துக்கு அஞ்சி அதையும் கூடையில் சேர்த்துவிடுகிறார்கள்.