மார்பகப் பாரம்: குறைக்கும் சத்திரசிகிச்சை இப்போதா, பிறகா?

கேள்வி: எனக்கு 31 வயது. திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன், பள்ளிக்கூட ஆசிரியை. மூன்று வயதில் ஒரு மகள். இன்னொரு பிள்ளை வேண்டும் என்று வீட்டில் எல்லாருக்கும் ஆசை, எனக்கும்தான். பெரியபிள்ளையான காலத்தில் இருந்தே எனக்கு மார்பு பெரிது. மகள் பிறந்த பிறகு இன்னும் பெருத்துவிட்டது. பிடரியும் தோளும் ஓயாமல் உழைகிறது. பிரா பட்டி பதிந்து தோளில் பள்ளம் விழுந்துவிட்டது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மார்புக்குக் கீழே அவிந்து, கடித்து, புண்ணாகிறது. சில நாட்களில் கை விறைத்து விடியுமுன்பே எழும்பிவிடுகிறேன். கனடாவில் இருக்கும் அக்கா, "ஒபரேஷன் செய்து குறைத்துவிடு, இங்கே எல்லாரும் செய்கிறார்கள்" என்கிறாள். மாமி, "கடவுள் தந்ததை வெட்டுவதா" என்கிறார். கணவர், "உன் விருப்பம்" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் போய்விடுகிறார். நான் என்ன செய்வது, டொக்டர்? செய்தால் திரும்பவும் கடலில் குளிக்கலாமா? வெட்கத்தில் கடலில் இறங்கியே வருடக்கணக்காகிறது.

பதில்: தங்கச்சி, முதலில் மாமிக்கு. பல்லும் கடவுள் தந்ததுதான். வலி பொறுக்காமல் அவரும் ஒன்றிரண்டு பிடுங்கியிருப்பார். அக்காவுக்கு: ஊரெல்லாம் செய்வது உங்கள் தோளுக்கு மருந்தாகாது. இருவரையும் ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பேசுவோம்.

என் கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியதைப் பார்த்தால், இந்தச் சத்திரசிகிச்சையால் பயன் பெறக்கூடியவர் நீங்கள். ஆனால் இப்போது வேண்டாம். இரண்டாவது பிள்ளை பிறந்து, பால்குடி மறந்து, அதற்குப் பிறகும் ஓர் ஆறு மாதம் போகட்டும். கர்ப்பத்தில் மார்பு திரும்பவும் பெருக்கும், பால் வற்றிய பிறகு தளரும். இப்போது அளவு பார்த்து வெட்டித் தைத்தது அப்போது குலைந்துபோகலாம். தாய்ப்பால் இன்னொரு காரணம், அதற்குப் பிறகு வருகிறேன்.

அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கச் சொல்லவில்லை. செய்து பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. சிலருக்கு அதோடேயே ஒபரேஷன் எண்ணம் போய்விடுகிறது.

தோளில் இருக்கும் அந்தப் பள்ளத்தில் இருந்து தொடங்குவோம். கண்ணாடி முன்னால் நின்று அதில் சுட்டுவிரலை வைத்துப் பாருங்கள். விரல் நுனி உள்ளே படுத்துக்கொள்கிறதா? அப்படியானால் முழுப் பாரத்தையும் தோள்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது. பாரத்தில் பெரும்பங்கைச் சுமக்க வேண்டியது தோள்பட்டி இல்லை, நெஞ்சைச் சுற்றிவரும் பட்டி. நம் ஊரில் என்ன நடக்கிறது? கடையில் ஒரு பெடியன் நிற்பான். "தேட்டி எய்ட்" என்று வாய்க்குள் முணுமுணுத்து, அவன் பேப்பரில் சுற்றித் தந்ததை வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிடுவோம். பெரிய கிண்ணம் வைத்த பிரா அங்கே இராது. கிண்ணம் கொள்ள வேண்டுமே என்று சுற்றளவைக் கூட்டிக் கூட்டி வாங்குவோம். 36 போட வேண்டியவர் 40 போட்டிருப்பார். சுற்றுப்பட்டி தளர்ந்து முதுகில் மேலே ஏறும், முன்பக்கம் தொங்கும், உடனே தோள்பட்டியை இழுத்து இறுக்குவோம். பள்ளம் விழுவது இப்படித்தான்.

வீட்டில் தையல் நாடா இருக்குமே. மார்புக்குக் கீழே விலாவோடு ஒட்டி இறுக்கமாக ஓர் அளவு, மார்பு எடுப்பாக இருக்கும் இடத்தில் தளர்வாக ஓர் அளவு, இரண்டையும் அங்குலத்தில் எடுங்கள். முதலாவதுதான் உங்கள் சுற்றளவு. இரண்டுக்கும் இடையில் ஓர் அங்குலம் வித்தியாசம் என்றால் ஏ கிண்ணம், இரண்டு என்றால் பி, இப்படியே கூடும். போட்ட பிறகு பட்டி முதுகில் நேராக நிற்க வேண்டும், அதற்குள் இரண்டு விரல்தான் போக வேண்டும். அக்காவிடம் ஆலோசனையோடு சேர்த்து, அந்த அளவில் அகலப் பட்டி வைத்த பிரா இரண்டையும் அனுப்பச் சொல்லுங்கள்.

புண்ணுக்கு வருவோம். என் அறைக்கு வந்த ஓர் அம்மா சட்டையைத் தளர்த்தியபோது, இரண்டு பக்கமும் மார்புக்குக் கீழே பழைய நூல்சேலைத் துண்டு மடித்துச் சொருகியிருந்தது. ஒவ்வொரு மணித்தியாலமும் மாற்றுவாராம். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவர் கண்டுபிடித்த சிகிச்சை, சரியான சிகிச்சையும்கூட. அந்த மடிப்பு ஈரமாக இருக்கும்வரை பங்கசு அங்கே குடியிருக்கும். குளித்ததும் ஒற்றித் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, குளோட்ரிமசோல் கிறீம் காலையும் மாலையும் மெல்லியதாகப் பூசுங்கள். சிவப்பு மறைந்த பிறகும் ஒரு வாரமளவு விடாமல் பூசுங்கள், பாதியில் விட்டால் திரும்பி வரும். பாமசியில் கேட்டவுடன் எடுத்துத் தரும் ஸ்டீரொயிட் கலந்த கலவைக் கிறீம் வேண்டாம். இரண்டு நாளில் சுகம்போலக் காட்டும், பிறகு தோலை மெலியவைத்துப் படையைப் பரப்பிவிடும். அடிக்கடி திரும்பி வருகிறதென்றால் இரத்தத்தில் சீனியையும் ஒருமுறை பாருங்கள்.

கை விறைப்பை உடனே மார்பின் தலையில் கட்டிவிடாதீர்கள். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்து, உதறினால் சரியாகிறதென்றால் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது. மார்பைக் குறைத்தாலும் அது போகாது. பிடரி உழைவிலும் ஒரு பங்கு குனிந்து குனிந்து கொப்பி திருத்துவதால் வந்திருக்கும். பெரியாஸ்பத்திரியில் பிசியோதெரபிக்குப் போய், மேல்முதுகைப் பலப்படுத்தும் பயிற்சிகளைக் கேட்டு மூன்று மாதமாவது செய்யுங்கள். நிறை கூடியிருந்தால் குறைக்கப் பாருங்கள். சிலருக்கு மார்பில் கொழுப்பு அதிகம், நிறையோடு அதுவும் இறங்கும். சிலருக்குச் சுரப்பி அதிகம், பத்துக் கிலோ குறைத்தாலும் மார்பு அசையாது. எப்படியும் ஒபரேஷனுக்கு முன்னால் நிறை ஒரு நிலையில் நிற்க வேண்டும். உடல் பருத்தவர்களுக்குக் காயம் ஆறுவது பிந்தும்.

சரி, இவ்வளவும் செய்தும் பாரம் பாரமாகவே இருக்கிறது, பிள்ளையும் பால்குடி மறந்துவிட்டது என்று வையுங்கள். அப்போது என்ன செய்வார்கள்?

உங்களை நிற்கவைத்தோ இருக்கவைத்தோ பேனையால் மார்பில் கோடு போடுவார்கள். படுத்தால் மார்பு பக்கவாட்டில் சரிந்து அளவு பிழைத்துவிடும், அதனால் மயக்க மருந்துக்கு முன்பே இந்த வேலை. பிறகு இரண்டு முதல் நான்கு மணித்தியாலம். கூடுதலான சுரப்பி, கொழுப்பு, தோலை எடுத்துவிட்டு, முலைக்காம்பை அதன் இரத்தக்குழாய்களும் நரம்பும் ஓடும் ஒரு சதைத்தண்டோடு மேலே தூக்கித் தைப்பார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அரைக் கிலோ அளவில் எடுப்பது சாதாரணம், சிலருக்கு அதைவிடக் கூட. எடுத்ததை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிப் பரிசோதிப்பார்கள்.

பெரிய மார்புக்கு வழக்கமாக வரும் தழும்பு நங்கூர வடிவம். துறைமுக ஊர்க்காரிக்கு நங்கூரத்தை விளக்க வேண்டியதில்லை. காம்பைச் சுற்றி வளையம், அதில் இருந்து கீழே இறங்கும் தண்டு, மார்புக்குக் கீழ் மடிப்பு நெடுக வளைந்த கை. அந்தத் தண்டும் கையும் சந்திக்கும் முடிச்சில்தான் தையல் அதிகம் இழுபடும். அங்கே சிறிதாகப் பிளந்து சில வாரம் மருந்து கட்ட வேண்டி வருவது அடிக்கடி நடப்பது, பயப்பட ஒன்றுமில்லை. தழும்பு முதலில் சிவந்து தடித்து, ஒன்று ஒன்றரை வருடத்தில் மங்கும், ஆனால் மறையாது. நம்முடைய கறுத்த தோலில் சிலருக்கு அது கயிறுபோலத் தடித்துவிடும். காது குத்திய இடத்திலோ பழைய வெட்டுக்காயத்திலோ அப்படித் தடித்தது உண்டா என்று பாருங்கள். இருந்தால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இனி தாய்ப்பால். காம்புக்குக் கீழுள்ள சுரப்பியும் பால்குழாய்களும் முன்பு சொன்ன சதைத்தண்டோடு தப்பியிருந்தால் பால் வரும். போதுமான அளவுக்கு வருமா என்று யாராலும் உறுதி தர முடியாது. பலருக்குப் பால்மாவும் சேர்த்துக் கொடுக்க வேண்டி வருகிறது. உங்களைப் பொறுக்கச் சொல்வது இதனால்தான். பிள்ளைகள் போதும் என்று முடிவானவருக்கு இந்தக் கவலையே இல்லை. அதே நேரம், கல்யாணமே ஆகாத 24 வயதுப் பிள்ளை வலியில் துடித்தால், என்றோ வரப்போகும் பிள்ளைக்காக இப்போதே வருத்தப்படு என்று நான் சொல்லமாட்டேன். பால் குறையலாம் என்று தெரிந்துகொண்டு முடிவெடுத்தால் போதும்.

காம்பில் உணர்வு குறையலாம், சிலருக்குப் போயே விடும். இரத்தக்கட்டு, கிருமித்தொற்று, இரண்டு பக்கமும் ஒரேமாதிரி அமையாமை எல்லாம் இருக்கின்றன. அரிதாகக் காம்புக்கு இரத்த ஓட்டம் நின்று அது கருகிவிடுவதும் உண்டு. சிகரெட் குடிப்பவருக்கும் சீனி வருத்தம் கட்டுப்படாதவருக்கும் இந்த ஆபத்துக் கூட. நம் பெண்கள் சிகரெட் குடிப்பதில்லையே என்பீர்கள். வெற்றிலையோடு போடும் புகையிலையிலும் அதே நிக்கொட்டின்தான், அதே மாதிரி இரத்தக்குழாயைச் சுருக்கும். குறைந்தது ஆறு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும்.

இவ்வளவும் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். செய்துகொண்டவர்களில் பெரும்பாலானோர், இதை முன்பே செய்திருக்கலாமே என்றுதான் சொல்கிறார்கள். தோள், முதுகு வலி பலருக்குச் சில வாரத்திலேயே இறங்கிவிடும். அப்படியென்றால் உங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பாரம் போவதற்காக, வாழ்நாள் முழுதும் இருக்கும் ஒரு தழும்பை ஏற்பேனா? வலியும் புண்ணும் நாளாந்த வேலையைக் கெடுக்கிறதென்றால் பதில் இலகுவாக வரும். வகுப்பில் பெடியங்கள் சிரிக்கிறார்கள், பஸ்ஸில் பார்க்கிறார்கள் என்பது மட்டும் காரணமென்றால் இன்னும் கொஞ்சம் யோசியுங்கள். அதுவும் சின்னத் துன்பமில்லை, ஆனால் பார்ப்பவன் எப்படியும் பார்ப்பான். ஒப்புதல் படிவத்தில் விழப்போவது உங்கள் கையெழுத்து, அதனால் கணவரைப் பேப்பரைக் கீழே வைக்கச் சொல்லி ஒபரேஷனுக்குப் பிறகு வரும் ஆறு வாரத்தைப் பற்றிப் பேசுங்கள். அவ்வளவு காலம் வாளியால் தண்ணீர் அள்ள, மகளைத் தூக்க, உயரத்தில் கொடி கட்ட முடியாது. இரவும் பகலும் இறுக்கமான பிரா போட்டிருக்க வேண்டும். பாடம் சொல்லித்தர இரண்டு மூன்று வாரத்தில் போகலாம், ஸ்கூட்டி கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

போகும் வழி: திருகோணமலை பெரியாஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை கிளினிக்குக்குப் போய், உங்கள் உழைவையும் புண்ணையும் சொல்லி, பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவுக்குத் துண்டு கேளுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் அந்தப் பிரிவு இருக்கிறது. அரச ஆஸ்பத்திரியில் காசில்லை, ஆனால் தீக்காயமும் விபத்தும் புற்றுநோயும் முந்திக்கொள்ளும், காத்திருக்க வேண்டும். உங்களுக்கு எப்படியும் காத்திருக்கும் காலம்தானே, இப்போதே ஒருமுறை காட்டி வைப்பதில் நட்டமில்லை. ஒபரேஷன் முடிந்த மறுநாளே இரவு ரயிலில் குலுங்கிக்கொண்டு வரப்பார்க்காதீர்கள். கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் முதல் மருந்து கட்டும்வரை தங்குங்கள். வைத்தியரிடம் எத்தனை தழும்பு, காம்பை எந்தச் சதைத்தண்டில் வைப்பீர்கள், எவ்வளவு எடுப்பீர்கள் என்று கேளுங்கள். "சரியாக பி அளவுக்குக் கொண்டுவந்து தருவேன்" என்று யாராவது சத்தியம் செய்தால் இன்னொருவரிடமும் காட்டுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் திடீரென்று பெருத்தால், கட்டி தட்டுப்பட்டால், காம்பில் இரத்தம் வந்தால், தோல் உள்ளிழுத்தால், இந்தக் கதை எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த வாரமே காட்டுங்கள். 40 தாண்டிய வாசகிகள் குறைப்புக்கு முன்னால் மமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருக்கும்.

கடைசியாகக் கடல். ஒபரேஷனுக்குப் பிறகு, காயம் எல்லாம் முழுதாக மூடி, வைத்தியர் பார்த்துச் சரி சொன்ன பிறகு இறங்கலாம். பெரும்பாலும் ஆறு வாரமளவில் சொல்வார்கள். தழும்பில் வெயில் படாமல் மூடிக்கொள்ளுங்கள், பட்டால் கறுத்துவிடும். ஆனால் தங்கச்சி, அதற்கு இத்தனை வருடம் காத்திருப்பானேன்? புண் ஆறிய ஒரு நாளில், இறுக்கமான பிராவுக்கு மேல் ஒரு பழைய டீசேட்டைப் போட்டுக்கொண்டு, வெயில் ஏறுமுன் மகளோடு இறங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, அந்த மடிப்பை ஒற்றித் துடைத்துவிடுங்கள்.