கல்கி விழாவுக்கு யாரிடம் உரிமை வாங்க வேண்டும்?

கேள்வி: காட்டுமன்னார்கோவில் அருகே எங்கள் வாசகர் வட்டம், ஆடிப் பதினெட்டை ஒட்டி வரும் சனி, ஞாயிறில் வீராணம் ஏரிக்கரையில் கல்கி விழா நடத்த இருக்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ வாசிப்பு, மாணவர் நாடகம், ஓவியக் கண்காட்சி, விழா மலர் ஆகியவை திட்டம். கல்கியின் எழுத்துக்கு ராயல்டி கட்ட வேண்டும் என்றும், நாற்பதாயிரம் கொடுத்தால் எல்லா அனுமதியும் வாங்கித் தருவதாகவும் ஒரு விழா ஏற்பாட்டாளர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கல்கி 1954 டிசம்பரில் மறைந்தார். எழுதியவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை. 2014 முடிவோடு அது போயிற்று. அதற்கு முன்பே தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கிவிட்டது, அதாவது யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்றாக்கிவிட்டது. வந்தியத்தேவன் குதிரையில் வரும் முதல் அத்தியாயத்தை அதே ஏரிக்கரையில் நின்று உரக்க வாசியுங்கள். நாவலிலிருந்து நீங்களே நாடகம் எழுதுங்கள். யாரும் தடுக்க முடியாது.

நாட்டுடைமை என்று அறிவிக்கத் தெரிந்த அரசுக்கு, அதனால் பொதுமக்களுக்கு என்ன கிடைத்தது என்று ஊருக்கு ஊர் சொல்லத் தெரியவில்லை. அந்த இடைவெளியில்தான் இத்தகைய தரகர்கள் பிழைக்கிறார்கள். “யாருடைய உரிமை, எந்த ஆண்டு வரை? எழுதிக் கையெழுத்திட்டுத் தாருங்கள்” என்று கேளுங்கள். அவர் தர மாட்டார்.

நீங்கள் உண்மையில் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் ஓவியக் கண்காட்சி. எழுத்து வேறு, படம் வேறு. தொடராக வந்தபோது குந்தவைக்கும் நந்தினிக்கும் முகம் கொடுத்தவர் ஓவியர் மணியம். அவர் 1968இல் மறைந்தார். அதே கணக்குப்படி அவர் படங்களுக்கு 2028 முடியும்வரை உரிமை உண்டு. கதை பொதுச்சொத்து என்பதால் அதற்கு வரைந்த படமும் பொதுச்சொத்து ஆகிவிடாது. பின்னாளில் மறுவெளியீடுகளுக்கு வரைந்தவர்களின் படங்களுக்கு இன்னும் நீண்ட காலம் உரிமை இருக்கும். ‘இணையத்தில் கிடைத்தது’ என்பது பதில் ஆகாது. விழா மலரின் அட்டையில் மணியத்தின் நந்தினியை அச்சிட ஆசையாக இருந்தால், படத்தை முதலில் வெளியிட்ட இதழுக்கும் ஓவியர் குடும்பத்துக்கும் எழுதிக் கேளுங்கள். மின்னஞ்சல் போதும், ஆனால் சம்மதம் எழுத்தில் வேண்டும். எந்தப் படம், எத்தனை பிரதி, விற்பனையா இலவசமா என்பதைச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் அச்சிடாதீர்கள். மௌனம் சம்மதம் என்பது இங்கே செல்லாது. உங்கள் பள்ளிப் பிள்ளைகளை வரையச் சொன்னால் இந்தத் தொல்லையே இல்லை. திரைப்படத்தைப் பார்த்து நகலெடுக்காமல், கதையைப் படித்து வரையட்டும்.

2022, 2023இல் வந்த திரைப்படத்தின் பாடல்களை ஒலிபெருக்கியில் போடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பாடலுக்கும் ஒலிப்பதிவுக்கும் தனித்தனியே உரிமம் வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு நாகஸ்வரக் குழுவை அழைக்கலாம்.

இட அனுமதிகளுக்கும் தரகர் தேவையில்லை. ஏரிக்கரைக்கு நீர்வளத் துறை, கூட்டத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் காவல் நிலையம். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையோடு தொடர்புடைய கல்வெட்டு இருக்கிறது. நாவலில் சதிகாரனாக வரும் ரவிதாசனின் பெயரை அதில் காணலாம். உங்கள் விழாவுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. கூட்டமாகப் போவதாக இருந்தால் கோயில் செயல் அலுவலரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். ஒரே மனுவை இந்த அலுவலகத்தார் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ள மாட்டார்கள் என்பது எரிச்சலூட்டும் நடைமுறை. நான்கு வரிக் கடிதத்துக்காக நீங்கள்தான் அலைய வேண்டும். ஆனாலும் நீங்களே அலையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்குங்கள். ஆடிப் பதினெட்டுக்கு நீர்நிலைகளில் கூட்டம் கூடும் என்பதால் காவல்துறைக்கு வேலை அதிகம். ஒரு மாதம் முன்பே மனு கொடுத்துவிடுங்கள்.