ஆர்டர் பாதியாகிவிட்டது, எதை வெட்டுவது?

வங்கியில் சிறுதொழில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பெங்களூரில் பட்டறையும் கம்பெனியும் நடத்தும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

பீன்யா, சி.என்.சி. ஜாப் ஒர்க் (கம்ப்யூட்டரில் இயங்கும் மெஷினில் மற்ற கம்பெனிகளுக்குப் பாகங்கள் செய்து தருபவர்): மேடம், இரண்டு மாதமாக ஆர்டர் பாதிதான். 14 பேர் வேலை பார்க்கிறார்கள். பாதிப் பேரை அனுப்பிவிடச் சொல்கிறார் ஆடிட்டர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஆடிட்டர் சம்பளக் கணக்கைப் பார்த்துச் சொல்கிறார், தப்பில்லை. ஆனால் 14 பேரும் ஒரே மாதிரி இல்லையே. புரோகிராம் போட்டு, டூல் செட் பண்ணி, மைக்ரான் கணக்கில் பீஸ் எடுக்கிற செட்டர் ஒன்றிரண்டு பேர்தான் இருப்பார்கள். அவர்களுக்கு அடுத்த தெருவிலேயே வேலை கிடைக்கும். ஆர்டர் திரும்பும்போது உங்களுக்குத்தான் ஆள் கிடைக்காது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் ஆட்களைக் கைவிட்ட முதலாளிகள், சில மாதம் கழித்து பீகாருக்கும் ஒடிசாவுக்கும் டிக்கெட் எடுத்து அனுப்பிக் கெஞ்ச வேண்டியிருந்தது.

எதை வெட்டும் முன்னும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது பிறகு திரும்பக் கிடைக்குமா? இரண்டாவது ஷிப்ட், வாடகை கோடவுன், புது கார் எல்லாம் கிடைக்கும், வெட்டுங்கள். செட்டரும், உங்கள் தரத்தை நம்பி வரும் பழைய கஸ்டமரும் அப்படியில்லை. முதலில் நீங்கள் வீட்டுக்கு எடுத்துப்போகும் பணத்தைக் குறையுங்கள். அப்புறம் எல்லோரையும் உட்காரவைத்து, வாரத்துக்கு நான்கு நாள் வேலை, அதற்கேற்ற சம்பளம் என்று பேசி, சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

இது எத்தனை நாள் தாங்கும்? அடுத்த 13 வாரத்துக்கு வாரா வாரம் வரவு, செலவு எழுதிப் பாருங்கள். வரவை பில்லில் இருக்கும் தேதியில் எழுதாதீர்கள், அந்தக் கஸ்டமர் வழக்கமாகக் கொடுக்கும் தேதியில் எழுதுங்கள். லாபக் கணக்கு காட்டிக்கொண்டே கையில் காசில்லாமல் மூடிய கம்பெனிகளின் ஃபைல்கள் என் மேஜைக்கு நிறைய வந்திருக்கின்றன. அந்த 13 வாரத்தைத் தாண்டினால்தான் ஐந்து வருடத் திட்டம் பற்றிப் பேசவே முடியும்.

பொம்மசந்திரா: அடுத்த மாதம் மெஷின் ஈ.எம்.ஐ. கட்ட முடியாது போலிருக்கிறது. பேங்க்கில் சொன்னால் பெயர் கெட்டுவிடும். மனைவி நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாமா?

ஒரு பெரிய பில்லின் பணம் வர இரண்டு வாரம் தாமதம் என்றால் அடகு வையுங்கள். ஆர்டரே குறைந்திருக்கிறது என்றால் வேண்டாம், நகையும் போகும், மெஷினும் போகும்.

தவணை தவறும் முன்பே மேனேஜரைப் பாருங்கள். 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன். அதற்கு முன்பே 30, 60 நாளில் கண்காணிப்புப் பட்டியலில் ஏறிவிடும். முதலிலேயே மேலே சொன்ன 13 வார வரவு செலவுத் தாளோடு வருபவருக்குத் தவணையை மாற்றித் தர வழி இருக்கும், ஒளிந்து கொண்டவருக்கு மேனேஜர் நினைத்தாலும் முடியாது. தள்ளிவைத்த காலத்துக்கும் வட்டி ஓடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். 2020-இல் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கிடைத்த தவணை அவகாசத்தைத் தள்ளுபடி என்று நினைத்தவர்கள் நிறையப் பேர்.

பீன்யா, ஷீட் மெட்டல்: எங்கள் வியாபாரத்தில் பாதிக்கு மேல் ஒரே கம்பெனி. பணம் தர 120 நாள் ஆக்குகிறார்கள். கேட்டால் ஆர்டர் போய்விடுமோ என்று பயம்.

சிறுதொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு இருக்கிறதா? குறு, சிறு உற்பத்தியாளருக்கு, என்ன ஒப்பந்தம் போட்டாலும் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அதைவிட அவர்களுக்கு வலிப்பது, 2024 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தம். கெடு தாண்டி நின்ற தொகையை உண்மையில் கொடுக்கும் வருடத்தில்தான் அவர்களால் செலவுக் கணக்கில் காட்ட முடியும். உத்யம் சான்றிதழை இணைத்து, பணிவாக ஒரு கடிதம் போடுங்கள்.

பணம் தாமதமானால் அரசின் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம்தான். ஆனால் பாதி வியாபாரம் தருபவர் மீது இப்போதே புகார் கொடுக்க நான் சொல்லமாட்டேன். பில்லைக் காட்டி முன்கூட்டியே பணம் பெறும் டிரெட்ஸ் தளத்தில் சேர அவர்களைக் கேளுங்கள். வேறு இரண்டு கஸ்டமரைத் தேடும் வேலையை இந்த மந்தக் காலத்திலேயே தொடங்குங்கள், மெஷின் சும்மாதானே நிற்கிறது.

எலக்ட்ரானிக் சிட்டி: டொயோட்டா மாதிரி ஸ்டாக்கே வைக்காமல் ஓட்டினால் பணம் மிச்சமாகாதா, ஆன்ட்டி?

டொயோட்டாவே மாறிவிட்டதே, தம்பி. 2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பிறகு, சிப் சப்ளையர்களிடம் பல மாதத் தேவைக்கு இருப்பு வைக்கச் சொன்னார்கள். 2021 சிப் தட்டுப்பாட்டின் தொடக்கத்தில் மற்ற கார் கம்பெனிகளைவிட அதிக நாள் தாக்குப்பிடித்தது அதனால்தான். எல்லா இடத்திலும் கிடைக்கும் பொருளுக்கு ஸ்டாக் வேண்டாம். ஒரே ஒரு சப்ளையரிடம் கிடைப்பதற்கு வையுங்கள்.

ராஜாஜிநகர்: பக்கத்துப் பட்டறைக்காரர் பாதி விலைக்கு மெஷின் தருகிறார். இப்போது வாங்கினால்தானே லாபம்?

ஆறு மாதச் செலவுக்குத் தனியாகப் பணம் இருந்தால், அந்த மெஷினுக்கு வேலை தர ஒரு கஸ்டமரும் இருந்தால், வாங்கலாம். அதன் மேல் கடன் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், அவர் வங்கியின் தடையில்லாச் சான்று வரும்வரை முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.