இரண்டாவது யோகா கிளை: ஹாலுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

கேள்வி: கோவையில் சொந்த வீட்டு மாடியில் யோகா வகுப்பு நடத்துகிறேன். மாதம் 1,500 ரூபாய் கட்டணத்தில் 90 பேர் வருகிறார்கள். நான்கு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கிளை தொடங்க, முதல் தளத்தில் 900 சதுர அடி ஹால் பார்த்திருக்கிறேன். டைல்ஸ் தரை. வாடகை 35,000, அட்வான்ஸ் பத்து மாதம். எத்தனை பேருக்கு இடம் வரும்? தரைக்கு என்ன போடலாம்? ஜிஎஸ்டி கட்ட வேண்டுமா?

பதில்: நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறோம். அங்கே காலை ஆறு மணி வகுப்பை யார் எடுப்பார்? யோகாவுக்குக் கூட்டம் சேர்வது பெரும்பாலும் ஐந்தரைக்கும் ஏழரைக்கும் இடையில்தான். அந்த இரண்டு மணி நேரம் நீங்கள் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். புதுக் கிளைக்கு நீங்கள் போய்விட்டால், உங்களுக்காக வந்துகொண்டிருந்தவர்கள் பழைய இடத்தில் மெல்ல நின்றுவிடுவார்கள்.

ஆகவே, பொறுப்பேற்கப் போகிற ஆசிரியரை இப்போதே உங்கள் மாடியில் வாரம் மூன்று நாள் காலை வகுப்பு எடுக்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். அவர் எடுக்கும் நாட்களில் வருகை உங்கள் நாட்களுக்கு ஏறக்குறைய சமமாக இருந்தால் ஹாலைப் பேசி முடிக்கலாம். ஆயுஷ் அமைச்சகத்தின் யோகா சான்றளிப்பு வாரியத் தேர்வில் தேறியவராக இருப்பது நல்லது. ஆனால் முழங்கால் வலியோடு வருபவருக்கு ஆசனத்தை எப்படி மாற்றிக் கொடுக்கிறார் என்பதை வகுப்பின் ஓரத்தில் நின்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இனி ஹால். உரிமையாளர் சொல்லும் 900 சதுர அடியில் சுவர்களும் படிக்கட்டின் பங்கும் சேர்ந்திருக்கக்கூடும். டேப் வைத்து உள் அளவை நீங்களே எடுங்கள். 700 தேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். செருப்பு விடும் இடம், கழிவறை, மேட் அடுக்கும் அலமாரி இவற்றுக்கு 150, ஆசிரியர் நின்று செய்துகாட்ட 60 போனால் மிச்சம் 490. மேட் இரண்டடி அகலம், ஆறடி நீளம். திரிகோணாசனத்தில் கை இடிக்காமலிருக்க பக்கத்து மேட்டுக்கு நடுவே இரண்டடி, முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் நடுவே ஒன்றரை அடி விட்டால் ஒருவருக்கு 30 சதுர அடி ஆகிறது. அதாவது 16 பேர். அதற்கு மேல் போட்டால் ஆசிரியர் நடுவே நடந்து திருத்த வழியிருக்காது. திருத்தாத வகுப்புக்கு யாரும் இரண்டாவது மாதம் பணம் கட்டமாட்டார்கள்.

தரை நிலையாக இருக்க வேண்டும். குழந்தைகள் அறையில் போடும் தடித்த ஃபோம் பாய்கள் வேண்டாம். விருட்சாசனத்தில் பாதம் அமுங்கித் தடுமாறும். கையில் எடை தாங்கும் ஆசனங்களில் மணிக்கட்டு அதிகமாக மடங்கி வலி வரும். இருக்கும் டைல்ஸ் சமமாக இருந்தால் அதன்மேல் நழுவாத 6 மி.மீ. ரப்பர் மேட்டே போதும். மரத்தோற்றம் வேண்டுமென்றால் எஸ்பிசி பலகை (கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) போடலாம். சுவரோரம் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விட்டு, சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டையால் மூடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வெயில் காலத்தில் விரிந்து நடுவில் தூக்கிக்கொள்ளும். மரநார் அட்டையில் செய்த லேமினேட் பலகையில் தண்ணீர் இறங்கினால் ஓரங்கள் ஊதிவிடும். எதைப் போட்டாலும் பக்கெட் தண்ணீரைக் கொட்டிக் கழுவக் கூடாது. பிழிந்த துணியால் துடைத்தால் போதும்.

கைகளைத் தூக்கி நின்றால் உயரமானவருக்கு எட்டு அடி வரை ஆகும். மின்விசிறி இறக்கை எட்டரை அடிக்குக் கீழே வரக்கூடாது. அழகுக்காக ஃபால்ஸ் சீலிங் போட்டு அந்த உயரத்தைத் தின்றுவிடாதீர்கள். சவாசனத்தில் படுப்பவரின் கண்ணில் குத்தாதபடி விளக்குகள் பக்கச் சுவரில் இருக்கட்டும்.

ஹாலை ஒருமுறை காலை ஐந்தே காலுக்குப் போய்ப் பாருங்கள். கேட்டைத் திறப்பது யார், படிக்கட்டில் விளக்கு எரிகிறதா, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா? கீழ்த்தளத்தில் குடும்பம் இருந்தால் சூரிய நமஸ்காரத்தில் குதிக்கும் சத்தம் முதல் வாரமே சண்டையாகும். பத்து மணிக்குத் திறக்கும் கடை என்றால் கவலையில்லை. ஒரு வகுப்பு முடிந்து அடுத்தது தொடங்கும்போது முப்பது வண்டிகள் சேரும். இரண்டுக்கும் நடுவே 15 நிமிடம் விடுங்கள்.

வரியில்தான் உங்கள் கணக்கு மாறுகிறது. இப்போதைய வருமானம் ஆண்டுக்கு 16.2 லட்சம். சேவைக்கான ஜிஎஸ்டி வரம்பு 20 லட்சம். ஒரே பான் எண்ணில் இருக்கும் இரண்டு கிளைகளும் சேர்த்தே கணக்கிடப்படும். புதிய இடத்தில் 22 பேர் ஆண்டு முழுவதும் வந்தாலே வரம்பைத் தாண்டிவிடுவீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் யோகா வகுப்புக்கு 5 சதவீதம். ஆனால் உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற முடியாது. தரைக்கும் ஏசிக்கும் கட்டிய வரி செலவாகவே நிற்கும். வாடகையிலும் ஒன்று உண்டு: நீங்கள் ஜிஎஸ்டியில் பதிவு பெற்று, கட்டட உரிமையாளர் பெறாதவராக இருந்தால், வாடகைமேல் 18 சதவீதத்தை நீங்களே கட்ட வேண்டும். மாதம் 6,300 ரூபாய்.

வாடகை 35,000, ஆசிரியர் 20,000, மின்சாரம், துப்புரவு, பிற செலவுகள் 13,000, அந்த 6,300 என்று வைத்தால் 74,300 ஆகிறது. கட்டணத்தை உயர்த்தாவிட்டால் வரி போக ஒருவரிடமிருந்து கிடைப்பது 1,428. ஆக, 53 பேர் வந்தால்தான் கையைக் கடிக்காது. காலை இரண்டு வகுப்பு நிரம்பினாலும் 32தான். மாலையிலும் இரண்டு வகுப்பு ஓட வேண்டும், அதற்கும் ஆள் வேண்டும். பழைய கிளையின் 90 பேரிடமும் இதே 5 சதவீதம் போகும் என்பதை மறக்காதீர்கள். வருமான வரித் துறையில் அறநிறுவனமாகப் பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தும் யோகா வகுப்புக்கு விலக்கு உண்டு. அது உங்களுக்குப் பொருந்துமா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள்.

அட்வான்ஸை ஆறு மாதமாகக் குறைத்துப் பேசுங்கள். வேலை நடக்கும் முதல் மாதத்துக்கு வாடகை விலக்கு, வணிக மின் இணைப்பு, காலை ஐந்து மணிக்கே கேட் திறக்கும் உரிமை ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தில் எழுத்தில் வரட்டும்.