டீச்சரிடம் கேளுங்கள்: தும்புத்தடியால் கடற்கரையை அளப்பது

கேள்வி: டீச்சர், நான் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு. 'காலநிலை மாற்றத்தால் கொழும்புக் கரையோரத்தில் ஏற்படும் பாதிப்புகள்' என்று ஆய்வுத் தலைப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது பயமாக இருக்கிறது. வள்ளம் இல்லை, கருவி இல்லை, கையில் ஆறு மாதம்தான். தனியாகக் கடற்கரைக்குப் போக அம்மாவும் விடமாட்டார். தலைப்பை மாற்றட்டுமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: மாற்ற வேண்டாம் மகள், சுருக்குங்கள். இப்போது இருக்கும் தலைப்புக்கு ஆறு பேரும் அறுபது வருடமும் வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. 2006 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 3.7 மில்லிமீட்டர் உயர்ந்தது. உங்கள் ஆறு மாதத்துக்கு 2 மில்லிமீட்டர்கூட வராது. கொழும்பிலோ வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் ஒரே நாளில் அரை மீட்டர் அளவுக்குத் தண்ணீர் ஏறி இறங்கும். அதற்குள் 2 மில்லிமீட்டரை எங்கே தேடுவீர்கள்?

நானும் உங்கள் வயதில் இப்படித்தான் மாட்டிக்கொண்டேன். மாசியில் ஒருமுறை, ஆனியில் ஒருமுறை அளந்தேன். கரை பதினொரு அடி உள்ளே வந்திருந்தது. 'கடல் மட்டம் உயர்ந்ததால்' என்று எழுதி, கீழே இரண்டு கோடு வேறு இழுத்தேன். வாய்மொழித் தேர்வில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "பிள்ளை, மார்கழியில் போய்ப் பார்த்தீரோ?" என்று கேட்டார். பார்க்கவில்லை. பிறகு போனேன். போன மணல் திரும்பி வந்து கிடந்தது. நான் அடையாளம் போட்ட கல் பாதி புதைந்திருந்தது.

மே முதல் செப்டெம்பர் வரை சோளகக் காற்றின், அதாவது தென்மேற்குப் பருவக்காற்றின், பெரிய அலைகள் மணலைக் கடலுக்குள் இழுத்துப் போகும். காற்று அடங்கியதும் சின்ன அலைகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து போடும். இந்தப் போக்குவரத்தை ஒழுங்காக அளந்து வைத்தாலே நல்ல ஆய்வு.

அளப்பதற்கு இரண்டு தும்புத்தடி போதும். தும்பைக் கழற்றிவிட்டு இரண்டையும் ஒரே நீளத்துக்கு அறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில், உச்சியிலிருந்து கீழே சென்ரிமீட்டர் கோடு போடுங்கள். நான் நெயில் பொலிஷால் போட்டேன், உப்புத்தண்ணீருக்கு அழியவில்லை. 2 மீட்டர் கயிற்றால் இரண்டையும் இணையுங்கள். கோடு போட்டது கரைப்பக்கம், மற்றது கடல்பக்கம். கடல்பக்கத் தடியின் உச்சியையும் அடிவானத்தையும் ஒரே நேர்கோட்டில் பிடித்துப் பாருங்கள். அந்தப் பார்வை கரைப்பக்கத் தடியில் எங்கே வெட்டுகிறதோ, உச்சியிலிருந்து அதுவரை உள்ள இறக்கம்தான் அந்த 2 மீட்டரில் மணல் இறங்கிய அளவு. எழுதிக்கொண்டு அடுத்த 2 மீட்டருக்கு நகருங்கள். எமரி என்ற அமெரிக்கக் கடலியலாளர் 1961இல் எழுதி வைத்த முறை இது. குனிந்து குனிந்து முதுகு நோகும், அது வேறு கதை.

மூன்று இடம் போதும். ஒவ்வொரு முறையும் அசையாத ஓர் அடையாளத்திலிருந்து, ஒரு மதில் மூலையிலிருந்து என்று வையுங்கள், தொடங்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் நன்றாக வற்றும். பௌர்ணமிக்குப் போயா விடுமுறையும் கிடைக்கும். மாலையில் போகாதீர்கள்: சூரியன் நேரே கண்ணில் அடித்து அடிவானம் தெரியாது. தண்டவாளத்தைக் கடக்கும்போது கைபேசியைப் பையில் போடுங்கள். தடி பிடிக்க இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும் என்பதால் அம்மாவையே கூட்டிப் போகலாம்.

இன்னொன்று. கரை தேய்ந்தால் உடனே காலநிலையின் தலையில் போடாதீர்கள். 2020இல் கல்கிசையில் கடலடி மணலை அள்ளி வந்து கரையில் கொட்டினார்கள். அங்கே அளந்தால் அந்த மணலையும் சேர்த்துத்தான் அளப்பீர்கள். களனி கங்கையில் மணல் அகழ்வதால் கழிமுகத்துக்கு வடக்கே கரை அரிக்கிறது. துறைமுக நகருக்காக 269 ஹெக்டேயர் கடலை நிரப்பியிருக்கிறோம். செய்மதிப் படம் எடுத்தால் போதும் என்று வகுப்பில் யாராவது சொல்வார்கள். லான்ட்சாட் செய்மதியின் படத்தில் ஒரு புள்ளியே 30 மீட்டர். என்னுடைய பதினொரு அடி அதற்குள் காணாமல் போய்விடும்.

ஆகவே தலைப்பு, 'சோளகத்திலும் அதன் பின்னும் வெள்ளவத்தைக் கரையின் மணல் மட்டம்'. காலநிலை மாற்றம் முன்னுரையில் வரட்டும். மேற்பார்வையாளர் கொஞ்சம் முகம் சுளிப்பார். அளவுத்தாளை அடுத்த வருடத்துப் பிள்ளைகளிடம் கொடுக்கப் போவதாகச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: பவளப்பாறை வெளிறிவிட்டது என்கிறார்களே, செத்துவிட்டது என்றுதானே அர்த்தம்?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: உடனே இல்லை. பவளத்தின் உடலுக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. நிறமும் சாப்பாட்டில் பெரும்பங்கும் அதனால்தான். கடல்நீரின் சூடு, வழக்கமாக மிகச் சூடான மாதத்தில் இருப்பதைவிட ஒரு பாகை கூடி, அந்தச் சூடு சில வாரம் நின்றால் பவளம் பாசியை வெளியே தள்ளிவிடும். வெள்ளை எலும்பு தெரியும். தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் பட்டினிதான். நம் பக்கத்தில் காற்று ஓய்ந்து கடல் கொதிக்கும் சித்திரைப் புத்தாண்டுக் காலம்தான் ஆபத்து. 1998இல் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிப் பக்கமும் அப்படித்தான் ஆனது.

கேள்வி: மகள் கடல் படிக்கப் போகிறேன் என்கிறாள். வேலை கிடைக்குமா?
– ஒரு தகப்பன், மட்டக்குளி

பதில்: உங்கள் வீட்டுப் பக்கம், காக்கைத்தீவில்தான் நாரா என்ற அரச நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, சமுத்திரப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. ஒரு நாள் மகளோடு நடந்து போய், அங்கே வேலை செய்பவர்களிடமே சம்பளத்தைக் கேளுங்கள்.