மோதிரம் மாற்றும் முன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கினால் போதும், நிச்சய மோதிரம் பற்றிய கேள்விகள் குவிந்துவிடும். கோவையில் முப்பது வருஷம் பட்டறையில் ஊதுகுழல் பிடித்தவன், இப்போது நகை மதிப்பிடுகிறவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நிச்சயத்தன்று மோதிரம் மாற்றுவது வெள்ளைக்காரன் வழக்கம் என்று அப்பத்தா சண்டை போடுகிறார். உண்மையா? (வாசகி, காரைக்குடி)

முக்கால்வாசி உண்மை. நம் நிச்சயதாம்பூலத்தில் தட்டு மாற்றுவதும் லக்னப் பத்திரிகை வாசிப்பதும்தான் பிரதானம். வெற்றிலை பாக்கு கைமாறினால் வாக்குக் கொடுத்தாயிற்று. மோதிரம் நமக்குப் புதிதில்லைதான். அசோகவனத்தில் அனுமன் எடுத்துக் காட்டியதே கணையாழி. ஆனால் அது ‘ராமன் அனுப்பிய ஆள்’ என்பதற்கு அடையாளம், நிச்சயப் பொருள் இல்லை. பெண்ணுக்கு வாக்குக் கொடுத்து மோதிரம் போடும் பழக்கம் ரோமானியர்களிடம் இருந்தது, அதுவும் ஆரம்பத்தில் இரும்பு மோதிரம். வைரம் என்றால் எல்லோரும் சொல்வது 1477ஆம் வருஷத்தை: ஆஸ்திரியாவின் மாக்சிமிலியன் பர்கண்டி இளவரசி மேரிக்குக் கொடுத்தது. அரண்மனையில் இருந்த அந்தப் பழக்கத்தை மாதச் சம்பளக்காரர் வீடுவரை கொண்டுவந்தது டி பியர்ஸ் என்ற வைரக் கம்பெனியின் விளம்பரம். வைரம் என்றைக்கும் அழியாது என்ற அவர்களுடைய புகழ்பெற்ற வாசகம் 1947இல் எழுதப்பட்டது.

அப்பத்தாவைச் சமாதானப்படுத்த ஒரு வழி உண்டு. தர்ப்பைப் பவித்திரம் போடுவது எந்த விரலில்? இதே மோதிர விரலில்தான், வலது கையில். கல்யாணத்தன்று குடத்துத் தண்ணீருக்குள் மாப்பிள்ளையும் பெண்ணும் எதைத் தேடுகிறார்கள்? தட்டை முதலில் மாற்றிவிட்டு மோதிரத்தை எடுங்கள், கோபிக்க மாட்டார்.

மோதிரத்துக்கு இரண்டு மாதச் சம்பளம் ஒதுக்க வேண்டுமாமே? (வாசகர், ஓசூர்)

யார் சொன்னது என்று பார்த்தீர்களா தம்பி? விற்கிறவர்களே சொன்னது. அமெரிக்காவில் 1930களில் ஒரு மாதச் சம்பளம் என்று ஆரம்பித்து, 1980களில் அதை இரண்டாக்கினார்கள். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.

பெண்ணுக்குத் தெரியாமல் விரல் அளவு எடுப்பது எப்படி? (வாசகர், திருப்பூர்)

அவர் அதே விரலில் போடும் மோதிரம் ஒன்று வேண்டும். பெண்ணின் தங்கையைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். மோதிரத்தைப் புதுச் சோப்புக்கட்டியில் அழுத்தி எடுத்தால் அச்சு விழும். உள்வட்டத்தின் குறுக்களவை ஸ்கேலால் அளந்து 3.14ஆல் பெருக்குங்கள். 16.5 மில்லிமீட்டர் என்றால் சுற்றளவு ஏறக்குறைய 52. அதில் 40ஐக் கழித்தால் 12. நம் கடைகளில் பெரும்பாலும் கேட்கும் அளவு எண் இதுதான்.

நூல் சுற்றி அளப்பவர்கள் கணுவை மறந்துவிடுகிறார்கள். கணுவைத் தாண்டும்போது கொஞ்சம் இறுக்கிப் பிடித்து, அடியில் போனதும் சுற்றாமல் நிற்பதுதான் சரியான அளவு. காலையில் விரல் ஒரு மாதிரி இருக்கும், மத்தியான வெயிலில் வேறு மாதிரி. அகலமான பட்டை மோதிரம் என்றால் அரை அளவு கூட்டிச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் பெரிதாகவே வாங்குங்கள், சின்னதாக்குவது சுலபம். ஆனால் சுற்றிலும் கல் வைத்த மோதிரத்தை இரண்டு பக்கமும் மாற்ற முடியாது. அறுக்க இடமே இருக்காது.

மகள் நர்ஸ். உயரமாகக் கல் வைத்த மோதிரம்தான் வேண்டும் என்கிறாள். போடலாமா? (வாசகி, நாகர்கோவில்)

உங்கள் மகள் ஆசைப்படுவது 1886இல் டிஃபனி என்ற அமெரிக்க நகைக்கடை அறிமுகப்படுத்திய அமைப்பு. ஆறு கால்கள் கல்லைத் தூக்கிப் பிடிக்கும். அடியிலும் வெளிச்சம் புகும், நன்றாக மின்னும். அந்தக் கால்கள்தான் கையுறையைக் கிழிக்கும், சேலை நூலை இழுக்கும், சோப்பும் மாவும் அடியில் போய் அடையும். கல்லைச் சுற்றித் தங்க விளிம்பு கட்டிய, தாழ்வான மோதிரமாக வாங்குங்கள். மின்னல் கொஞ்சம் குறையும், கல் எளிதில் விழாது. டியூட்டியில் எதுவும் போடக் கூடாது என்று சொல்லும் ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வைரத்துக்கு 22 காரட்டை வற்புறுத்தாதீர்கள். அது மெது, கால் வளைந்துவிடும். 18 காரட், அதாவது 750 முத்திரை, கல்லை நன்றாகப் பிடிக்கும். பிளாட்டினம் இன்னும் உறுதி. ஆனால் அது உருகுவது 1,768 டிகிரியில், தங்கமோ 1,064இலேயே உருகிவிடும். நம் ஊர்ப் பத்தரிடம் பிளாட்டினத்தை ரிப்பேருக்குக் கொண்டுபோனால் கையெடுத்துக் கும்பிடுவார்.

மரகதம் கேட்டாலும் யோசியுங்கள். இள வயதில் நானே ஒரு மரகத மோதிரத்தைக் கல்லைக் கழற்றாமல், பற்றவைக்கப் பொடி வைத்து ஊதினேன். பட்டென்று ஒரு சத்தம்தான். கல்லின் விலை மூன்று மாதக் கூலியில் கழிந்தது.

நீலக்கல் நிச்சய மோதிரம் ஆகாதாமே? (வாசகி, சென்னை)

ஜாதகம் என் வேலை இல்லை. கல்லாகப் பார்த்தால் நீலம் நல்ல தேர்வு. கடினத்தில் வைரம் 10 என்றால் நீலம் 9. பிரிட்டனில் டயானாவுக்கு 1981இல் போட்டது இலங்கை நீலம், 12 காரட். 1996இல் விவாகரத்து. அதே மோதிரத்தை 2010இல் மகன் வில்லியம் கேட் மிடில்டனுக்குப் போட்டார், இன்றும் அவரிடம்தான் இருக்கிறது. கல்லின் மேல் பழி போடும் முன் இதையும் கணக்கில் வையுங்கள்.

லேபில் செய்த வைரம் போலியா? பில்லில் எதைப் பார்க்க வேண்டும்? (வாசகர், மதுரை)

போலி இல்லை. அதுவும் கரிதான், கடினமும் அதேதான். கடைக்காரர் வைத்துப் பார்க்கும் டெஸ்டர் பேனாவுக்கு இரண்டும் ஒன்றுதான். வைரம் போலவே தெரியும் வேறு கல்லான மாய்சனைட்டுக்கும் பல பேனாக்கள் கூவிவிடும். அதனால் பேனாவை நம்பாதீர்கள். வைரத்தைப் பரிசோதிக்கும் ஜிஐஏ அல்லது ஐஜிஐ நிறுவனத்தின் சான்றிதழ் கேளுங்கள். கல்லின் விளிம்பில் லேசரால் எண் பொறித்திருந்தால் லென்ஸில் காட்டச் சொல்லி, சான்றிதழ் எண்ணோடு ஒப்பிடுங்கள். லேப் வைரத்தின் விலை மிகக் குறைவு, திருப்பி விற்றாலும் கிடைப்பது குறைவு. போட்டுக்கொள்ள வாங்குகிறீர்களா, பீரோவில் வைக்கவா என்பதை முடிவு செய்யுங்கள்.

பில்லுக்கு வருவோம். மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரு காரட் கல் 200 மில்லிகிராம். நூறு சென்ட் ஒரு காரட், அதனால் 30 சென்ட் வைரம் 60 மில்லிகிராம். 4.200 கிராம் மோதிரத்தில் அதைக் கழித்தால் தங்கம் 4.140தான். பெரிய ராசிக்கல் மோதிரத்தில் இந்தக் கழிவு நன்றாகவே கடிக்கும். தங்கத்தில் காரட் என்றால் தூய்மை, வைரத்தில் எடை, அதனால் குழப்பம் வேறு. சேதாரம் எந்த எடையின் மேல் போட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். உள்பக்கம் பிஐஎஸ் ஹால்மார்க் முத்திரை, தூய்மை, அந்த நகைக்கே உரிய ஆறு எழுத்து-எண் கொண்ட ஹெச்யுஐடி என்ற அடையாள எண் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் அது இல்லாமல் விற்கக் கூடாது. இரண்டு கிராமுக்குக் குறைந்த நகை போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணை அடித்தால் விவரம் வரும். கடையில் நின்றுகொண்டே அடியுங்கள், வீட்டுக்கு வந்து அல்ல.

நிச்சய மோதிரம் விரலில் மாட்டிக்கொண்டது. வீங்கியிருக்கிறது. (வாசகர், ஈரோடு)

கையைத் தலைக்கு மேல் ஐந்து நிமிஷம் தூக்கிப் பிடியுங்கள். பிறகு சோப்புத் தண்ணீர் விட்டுச் சுற்றிச் சுற்றிக் கழற்றுங்கள், நேராக இழுக்காதீர்கள். விரல் நீலம் பாரித்தாலோ மரத்துப்போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், வெட்டி எடுத்துவிடுவார்கள். மோதிரத்தை அறுக்கிறார்களே என்று தடுக்காதீர்கள். துண்டு இரண்டையும் எடுத்து வாருங்கள், சாயங்காலத்துக்குள் ஊதித் தருகிறேன்.