காட்மியம் அரிக்கும் எலும்பை ஜிங்க் மாத்திரை காக்குமா?

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. ஏசி, ஃபிரிட்ஜ் குழாய்களுக்கு பிரேசிங் (உலோக ராடை உருக்கி ஒட்டுவது) செய்யும் வேலையில் 20 வருடங்களுக்கு மேலாக இருக்கிறார். சிகரெட் பழக்கமும் உண்டு. இடுப்பு வலி என்று டாக்டரிடம் போனபோது, எலும்பு அடர்த்தி குறைந்திருக்கிறது, சிறுநீரில் காட்மியம் என்ற நச்சு உலோகம் அதிகமாக இருக்கிறது என்றார்கள். துத்தநாகம் (ஜிங்க்) காட்மியத்தின் விஷத்தை முறிக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, இவராகவே தினமும் 50 மி.கி. ஜிங்க் மாத்திரை போட்டுக்கொள்கிறார். இது எலும்பைக் காப்பாற்றுமா?

பதில்: அவர் படித்தது பொய்யில்லை. ஆனால் மாத்திரையிடம் அவர் எதிர்பார்ப்பது ரொம்ப அதிகம்.

துத்தநாகமும் காட்மியமும் தனிம அட்டவணையில் ஒரே குடும்பம். 1817-ல் காட்மியத்தைக் கண்டுபிடித்ததே ஒரு துத்தநாகச் சேர்மத்தில் கலந்திருந்த அழுக்காகத்தான். இந்த ஒற்றுமைதான் வினை. துத்தநாகத்தையும் இரும்பையும் உள்ளே ஏற்றிக்கொள்வதற்காக குடலில் இருக்கும் புரதங்கள், காட்மியத்தையும் சேர்த்து ஏற்றிவிடுகின்றன. உடலில் இரும்பும் துத்தநாகமும் போதுமான அளவு இருந்தால் காட்மியம் நுழைவது குறையும். பற்றாக்குறை இருந்தால் கூடும். இன்னொன்றும் உண்டு. துத்தநாகம் கிடைக்கும்போது நம் செல்கள் மெட்டலோதயோனின் என்ற புரதத்தை அதிகம் தயாரிக்கும். அது காட்மியத்தை இறுக்கிப் பிடித்து, மற்ற இடங்களில் வாலாட்ட விடாமல் வைத்திருக்கும். எலும்பைக் கட்டும் செல்களுக்கும் துத்தநாகம் தேவை. காட்மியம் கலந்த தண்ணீரைக் குடித்த எலிகளுக்குக் கூடவே துத்தநாகமும் கொடுத்துப் பார்த்ததில், எலும்புச் சேதம் குறைந்தது உண்மை.

சரி, உங்கள் கணவருக்கு வருவோம். எலிகளுக்கு இரண்டும் ஒரே நேரத்தில், வாய் வழியாகக் கிடைத்தன. இவருக்குக் காட்மியம் போவது மூச்சு வழியாக. சில வெள்ளி பிரேசிங் ராடுகளில், சீக்கிரம் உருகி ஓடட்டும் என்று காட்மியம் சேர்த்திருப்பார்கள். காட்மியம் 767 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். சுவாலை கொஞ்சம் கூடினாலும் போதும், மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் புகை எழும்பும். சாப்பாட்டில் இருக்கும் காட்மியத்தில் சில சதவீதம்தான் உடலில் சேர்கிறது. மூச்சில் போவதிலோ அதைப்போல் பல மடங்கு சேர்ந்துவிடும். சிகரெட் புகையும் அப்படித்தான், புகையிலைச் செடி மண்ணிலிருந்து காட்மியத்தை நன்றாகவே உறிஞ்சிக்கொள்ளும். மாத்திரை குடல் வாசலில் காவல் நிற்கிறது, திருடன் மாடி வழியாக வருகிறான்.

ஏற்கெனவே உள்ளே போனதை துத்தநாகம் வெளியே இழுத்துப் போடவும் செய்யாது. சிறுநீரகத்தில் தங்கிய காட்மியம் பாதியாகக் குறையவே 10 முதல் 30 வருடங்கள் ஆகும். மெட்டலோதயோனின் பிடித்து வைத்த காட்மியமும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். எலும்பின் கதையும் பெரும்பாலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் பழுதானால் கால்சியமும் பாஸ்பேட்டும் சிறுநீரில் வீணாகும், வைட்டமின் டி அதன் செயல்படும் வடிவத்துக்கு மாறுவதும் குறையும். போதாக்குறைக்கு, எலும்பை அரிக்கும் செல்களைக் காட்மியம் நேரடியாகவும் தூண்டிவிடும். ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில், சுரங்கக் கழிவு கலந்த நீரில் விளைந்த அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு முறிந்துகொண்டே இருந்தது இதனால்தான். அதில் பெரும்பாலோர் நடுவயது தாண்டிய பெண்கள். அந்தச் சுரங்கத்தில் முக்கியமாக எடுத்தது என்ன தெரியுமா? துத்தநாகமும் ஈயமும்.

இப்போது அந்த 50 மி.கி. கணக்குக்கு வருவோம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 11 மி.கி. துத்தநாகம் போதும். உணவும் மாத்திரையும் சேர்த்து 40 மி.கி.க்கு மேல் தொடர்ந்து போகக்கூடாது. போனால் உடலில் செம்பு குறையும். ரத்தசோகை, கால் மரத்துப்போவது, நடையில் தடுமாற்றம் எல்லாம் வரலாம். எலும்பின் கொலாஜன் இழைகள் உறுதியாகப் பின்னவும் செம்பு வேண்டும், எந்த எலும்புக்காகச் சாப்பிடுகிறாரோ அதற்கே இழப்பு. அதனால் இந்த அளவை நிறுத்தச் சொல்லுங்கள். எவ்வளவு நாளாகச் சாப்பிட்டார் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லட்டும். பரிசோதனையில் துத்தநாகக் குறை தெரிந்தால் அவரே அளவோடு எழுதித் தருவார். மற்றபடி பயறு, பருப்பு, கொட்டை வகைகள், முட்டை, இறைச்சி போதும்.

அதைவிட அவசரம், ராடை மாற்றுவது. காட்மியம் இல்லாத ராடுகள் இருக்கின்றன, பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கட்டும். புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் வசதியும், உலோகப் புகைக்கென்றே உள்ள முகக்கவசமும் வேண்டும். துணி மாஸ்க் இதற்கு ஆகாது. சிகரெட்டை விடுவது பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அப்புறம், சிறுநீரில் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின், ரத்தத்தில் கிரியாட்டினின், கால்சியம், பாஸ்பேட், வைட்டமின் டி ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் எலும்பு மாத்திரைகளைத் தொடங்கக்கூடாது, அவற்றில் சில சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. காட்மியத்தை வெளியேற்ற "கீலேஷன்" ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். பல வருடமாகச் சேர்ந்த காட்மியத்துக்கு அதனால் பயன் நிரூபணமானதில்லை, சிறுநீரகத்துக்குக் கெடுதலும் வரலாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். புகை அதிகம் பட்ட நாளின் இரவிலோ மறுநாளோ காய்ச்சல், இருமல், நெஞ்சு இறுக்கம் வந்தால் சாதாரணச் சளி என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம். காட்மியப் புகையால் வரும் நுரையீரல் வீக்கம் சில மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும், உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே அவசர சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள், என்ன வேலை செய்தார் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.